கீழ்வீட்டு அம்மோ

எங்கள் கட்டடத்து வாசலில் பன்னிரண்டு தபால்பெட்டிகள். அதில் ஒன்றில் மட்டும் ஒரே பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் ஒட்டியிருக்கும். பெய்ரூத்தில் பிரெஞ்சுக்காரர் பழக்கிவிட்டுப் போன முறையில் எழுதிய பெயர் ஒன்று. 1977 இல் பேர்லினில் ஏதோவொரு எழுதுவினைஞர் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இன்னொன்று. மூன்றாவது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் ஏறிய பெயர். "எந்தக் கந்தோரில இருந்து எந்தப் பெயருக்குக் கடிதம் வருமெண்டு ஆருக்குத் தெரியும் தம்பி? மூண்டு பேரும் இருக்கட்டும்" என்பார் பெட்டியின் சொந்தக்காரர்.

அவரை நாங்கள் அம்மோ என்றுதான் கூப்பிடுவோம். அரபியில் அது தகப்பனின் சகோதரனைக் கூப்பிடும் முறை. வயது போன எந்த ஆம்பிளையையும் மரியாதைக்கு அப்படிச் சொல்லலாம். 1991 இல் நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் முற்றத்தில் ஒரு பிள்ளை "அம்மோ! அம்மோ!" என்று கத்த, விழுந்து கிழுந்து போச்சோ என்று என் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சன்னலுக்கு ஓடினாள். கீழே ஒரு மீசைக்காரர் அந்தப் பிள்ளையின் சைக்கிள் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைத் தம்பி என்கிறார். வீட்டில் எங்கள் சின்னவனைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட சொல். அதுதான் என் பெயர் என்று கொஞ்சக் காலம் நினைத்தும் இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள மொழி டொச், அதாவது ஜேர்மன் மொழி. ஆளுக்கொரு விதமாய் உடைந்த டொச்.

எந்த ஊர் என்று கேட்டால் "அக்கா" என்பார். பலஸ்தீனத்தின் கடலோரத்தில், இப்போதைய இஸ்ரேலுக்குள், கோட்டை மதிலோடு நிற்கும் பழைய பட்டணம் அது. அதற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்துதான் 1948 இல், இஸ்ரேல் உருவான போரின்போது, அவருடைய தகப்பன் குடும்பத்தோடு லெபனானுக்கு ஓடினார். அம்மோ பிறந்தது 1954 இல், பெய்ரூத்தின் கிழக்கே தல் அல்-ஸாதர் அகதி முகாமில். அக்காவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. உள்நாட்டுப் போரில் மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு 1976 ஓகஸ்டில் அந்த முகாம் விழுந்தது. அந்த நாட்களைப் பற்றி அவர் சொல்லியது ஒரே ஒரு விசயம்: தண்ணீர் எடுக்கப் போவது. அதற்கு மேல் நான் கேட்டதில்லை. நானும் சிலவற்றைச் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

இந்த நகரத்துக்குள் நாங்கள் இருவரும் வந்தது ஒரே வாசலால். நகரம் அப்போது கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அவர் பெய்ரூத்திலிருந்து; நான் எட்டு வருசம் பிந்தி, கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாக. இறங்கியது கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கிழக்குக்காரர் ஒரு ட்ரான்சிட் விசாவைக் குத்தி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராச ரயில் நிலையப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அங்கே ஏறினால் அடுத்த தரிப்பிடம் மேற்கு பேர்லின். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஒரு பொலிஸ்காரரும் நிற்கமாட்டார். நிறுத்தினால், நகரத்தின் நடுவே ஓடும் அந்தப் பிரிப்புக் கோடு நாட்டு எல்லைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மேற்கு அதற்கு ஆயத்தமில்லை. பெரிய நாடுகளின் வீம்புக்குள் இருந்த அந்த ஓட்டையால் நுழைந்தவர்கள்தான் பலஸ்தீனர், லெபனான்காரர், ஈரானியர், நாங்கள் எல்லாரும். 1985 நடுப்பகுதியில் எங்கள் ஆட்களுக்கு அதை அடைத்தார்கள், அடுத்த வருசம் ஒக்டோபரில் மற்றவர்களுக்கும். நான் வந்தது 1985 மாசி. சில மாத இடைவெளியில் தப்பினவன்.

பிறகுதான் காகிதக் கதை. டுல்டுங் என்று ஒரு பத்திரம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். இருக்கலாம் என்ற அனுமதி இல்லை அது. இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்ற அறிவித்தல், அவ்வளவுதான். மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டுவார்கள். அந்தக் காலத்தில் அதை வைத்திருப்பவர் வேலை செய்யக்கூடாது, நகரத்தைத் தாண்டக்கூடாது. அம்மோ அப்படிப் பதின்மூன்று வருசம் இருந்தார். இருபத்துமூன்று வயதிலிருந்து முப்பத்தாறு வரை. கரண்ட் வேலை நன்றாகத் தெரிந்த மனிசன். தெருவில் பாதி வீடுகளின் வயரிங் அவர் கைபட்டது, ஒன்றுக்கும் பற்றுச்சீட்டு இல்லை.

அந்தக் காகிதத்தில் நாட்டுரிமை என்ற கட்டத்தில் "உன்கெக்லேர்ட்" என்று இருக்கும். தெளிவுபடுத்தப்படாதது. நாடற்றவர் என்றுகூட எழுதமாட்டார்கள். நாடற்றவருக்கு என்றால் சர்வதேச ஒப்பந்தம் ஒன்று உண்டு, அதோடு சில உரிமைகள் வரும். தெளிவில்லாதவருக்கு ஒன்றும் வராது. பேர்லின் ஆஸ்பத்திரியில் பிறந்த மூத்த மகளின் காகிதத்திலும் அதே சொல்லை இறக்கி வைத்தார்கள். வீட்டில் அது பகிடியாகிவிட்டது. மகன் எத்தனை மணிக்கு வருவான் என்று மனைவி கேட்டால் "உன்கெக்லேர்ட்" என்பார் அம்மோ. குழம்புக்கு உப்புக் காணுமா? உன்கெக்லேர்ட்.

எனக்கு 2003 இல் டொச்சுக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முதல் சிங்கம் போட்ட கடவுச்சீட்டைத் துறக்கிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும், எழுதிக்கொடுத்தேன். கை நடுங்கியது உண்மை. ஆனால் துறக்கிறதுக்கும் கையில் ஒன்று வேண்டும். அம்மோவிடம் அது இல்லை. இவர் இன்னார், இன்ன இடத்தில் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். முகாமே இல்லாமல் போன பிறகு முகாமில் பிறந்ததற்கு அத்தாட்சி. குடியுரிமைச் சோதனையையும் எழுதிவிட்டார்: 33 கேள்வி, 17 சரியானால் போதும். அம்மோ 32 எடுத்தார். பிழையாய்ப் போனது எந்தக் கேள்வி என்பதுதான் இன்றைக்கும் அவருக்குக் கவலை. கோப்பு இன்னும் எங்கேயோ கிடக்கிறது. 2024 ஜூன் 27 இல் சட்டம் மாறி இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கலாம் என்று வந்தபோது நான் படியில் வைத்துச் சொன்னேன். "ரெண்டாவதும் வைச்சிருக்கலாமோ? நல்ல விசயம். எனக்கு முதலாவதையே காணேல்லை" என்றுவிட்டு ஏறிப் போனார்.

சரி, தெருவுக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது நொய்க்கோல்ன் பகுதியில், சொன்னன்அலேக்குப் பக்கத்துச் சந்தில். ஹெர்மன்பிளாட்சில் தொடங்கி ஐந்து கிலோமீற்றர் போகும் தெரு. சூரியச்சாலை என்று சொல்லலாம். பேர்லின் மதில் இருந்த காலத்தில் இதன் மறுமுனை கிழக்கு பேர்லினின் எல்லைக் காவலில் போய் முட்டி நின்றது. அதனால்தான் வாடகை மலிவு, அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கிடைத்தது. இந்தத் தெருவுக்கும் பெயர்கள் பல. ஒரு காலத்தில் அரசர் ஒருவரின் பெயர். 1938 இல் நாசிகள் ஹிட்லர் பிறந்த ஊரின் பெயரை வைத்தார்கள். 1947 இல் சொன்னன்அலே. இப்போது அரபிகள் சொல்வது ஷாரி அல்-அரப், அரபித் தெரு. அம்மோவின் தபால்பெட்டியை நினைத்தால் எனக்கு இது ஆச்சரியமில்லை.

தொண்ணூறுகளில் இங்கே ஒருசில லெபனான் சாப்பாட்டுக் கடைகள்தான். ஸாதர் என்ற வாசனை இலை தூவிய ரொட்டி, ஏலக்காய் போட்ட கோப்பி. (தல் அல்-ஸாதர் என்றால் ஸாதர் செடி மேடு. அந்த ரொட்டியை வாங்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வரும், அவருக்கு வருமா என்று கேட்டதில்லை.) மீதி எல்லாம் டொச்சுக் குடிபானக் கடைகள், அடகுக் கடைகள். 2015 க்குப் பிறகு தெரு ஆளே மாறிவிட்டது. அந்த ஒரு வருசத்தில் ஜேர்மனிக்குள் வந்து தஞ்சம் தேடியவர்கள் சுமார் 890,000 பேர்; அதில் பெருந்தொகை சிரியர். பெயர்ப்பலகைகளில் டமஸ்கஸ், அலெப்போ, ஹோம்ஸ். தட்டுத் தட்டாக இனிப்பு. எம் 41 பஸ்ஸில் ஏறினால் தொலைபேசியில் நாலு விதமான அரபி.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே அரபிக் கூட்டம். உள்ளே அப்படியில்லை. அம்மோவுக்கு முதல் இரண்டு வருசம் சரியான கொதி. "இவங்களுக்கு வந்தவுடன மூண்டு வருச விசா, டொச் வகுப்பு, வேலை. எங்களுக்குப் பதின்மூண்டு வருசம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னாங்கள்." சிரியர் பக்கத்திலும் கதை இருந்தது: இந்தப் பழைய ஆட்கள் முப்பது வருசம் இருந்தும் டொச் வராதவர்கள், எங்களையும் கெடுக்கிறார்கள் என்று. டொச் படிக்க விடாத காலம் ஒன்று இருந்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் டெம்பிள்ஹோஃப் பழைய விமான நிலையக் கொட்டகைகளில் ஆட்களைப் படுக்கவைத்தபோது, ஒவ்வொரு பின்னேரமும் போய் மொழிபெயர்த்தவரும் அம்மோதான். போகும்போதும் திட்டு, வரும்போதும் திட்டு. ஒருநாளும் போகாமல் விட்டதில்லை.

அங்கேயிருந்து அவர் கூட்டிக்கொண்டு வந்தவன்தான் நாலாம் மாடி அலெப்போப் பெடியன். இரண்டு டொச்சு மாணவர்களோடு அறை பகிர்ந்து இருந்தான், சலூனில் வேலை. 2017 என்று நினைக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் பெர்கமோன் மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அகதியாக வந்த சிரியரும் ஈராக்கியரும் அரபியிலேயே சுற்றிக்காட்டும் திட்டம் ஒன்று 2015 கடைசியில் அங்கே தொடங்கியிருந்தது. முல்தகா, சந்திக்கும் இடம் என்று பெயர். அதில் அவனுடைய சிநேகிதன் ஒருவன் வழிகாட்டி.

அங்கே அலெப்போ அறை என்று ஒன்று இருக்கிறது. 1600 ஐ ஒட்டி அலெப்போவில் ஒரு கிறிஸ்தவத் தரகரின் வீட்டுச் சுவர்களில் பதித்த வர்ணப் பலகைகள். சிவப்பு அடித்தளம், பூ, பறவை, மரியாளும் குழந்தையும், பக்கத்திலேயே பழங்கதைக் காதலர் லைலாவும் மஜ்னூனும், நடுவே அரபி வாசகங்கள். 1912 இல் விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, கண்ணாடிக்குப் பின்னால் அறையாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிப் பெடியன் குரல் தழுதழுக்க விளக்கினான். கூட வந்த டொச்சுப் பெண்மணி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எங்கள் பெடியன் மட்டும் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி நின்றான். வெளியே வந்து சிகரெட் பத்தவைத்த பிறகு சொன்னான்: "நான் அலெப்போவில இப்பிடி ஒரு வீட்டுக்குள்ள கால் வைச்சதே இல்லை. எங்கட பக்கம் முழுக்கச் சீமெந்துக் கல்லு. இதைப் பார்த்து அழச் சொல்லுறாங்கள், எனக்கு அழுகை வரேல்லை." 2012 இல் எரிந்துபோன பழைய சந்தையின் வாசம், அவனுடைய மாமாவின் சவர்க்காரக் கடை, அதைப் பற்றித்தான் பிறகு வழி முழுக்கக் கதைத்தான். அம்மோ ஒன்றும் பேசாமல் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். கொதி போன நாள் அதுதான் என்று நினைக்கிறேன். அந்த மியூசியம் இப்போது திருத்த வேலைக்காக மூடிக் கிடக்கிறது.

பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. எம் 41 இல் பாடசாலை விடும் நேரம் ஏறிப் பாருங்கள். வெள்ளைத் தலைமுடிப் பெடியன்கள், பரம்பரை டொச்சுக்காரர், வாய்க்கு வாய் "வல்லாஹ்", "யல்லா", "ஹபீபி". சத்தியமாக, வா போவோம், கண்ணே. அம்மோவின் பேரன் பிறந்ததிலிருந்து டொச் கதைத்தும் அவனிடம் எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்கிறார்கள்; அவன் பாட்டியின் சொற்களை ஒருவரும் கேட்பதில்லை, எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சொல்லும் வந்தது: தலாஹோன். 2024 இல் இளைஞர் சொல் தேர்வில் இரண்டாவதாக வந்த சொல். இடுப்பில் சின்னப் பை, விலை கூடின சப்பாத்தின் நகல், சத்தமான நடை என்று திரியும் அரபிப் பெடியன்களை நக்கலடிக்கிற சொல். அதன் மூலம் "தஆல் லஹோன்". இங்கே வா என்று அர்த்தம். பேரனைப் பாடசாலையில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அம்மோ சிரித்தார். "இங்க வா எண்டு கூப்பிடுறாங்கள்தானே, போ" என்றார். பேரன் சிரிக்கவில்லை.

2023 ஒக்டோபருக்குப் பிறகு இந்தத் தெருவில் நடந்ததை எழுதத்தான் எனக்குத் தயக்கம். ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய ஒக்டோபர் ஏழாம் நாள் இங்கே சிலர் இனிப்புக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு அம்மோ கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார், "என்ர பெயரில ஆர் இனிப்புக் குடுக்கச் சொன்னது?" என்றார். பிறகு கிழமைக்கணக்காகப் பொலிஸ் வாகனங்கள், தடுப்புகள், தலைக்கு மேலே ஹெலி. பாடசாலைகள் பலஸ்தீனரின் அந்தக் கட்டம் போட்ட கறுப்பு வெள்ளைச் சால்வையைத் தடை செய்யலாம் என்று நகர அரசு அறிவித்தது. பேரனின் பாடசாலையும் தடுத்தது. அந்தச் சால்வை அம்மோவின் தகப்பனுடையது, முகாமிலிருந்து வந்த ஒரே துணி. குளிருக்குத்தான் போட்டான் என்று சொல்லமாட்டேன், தெரிந்துதான் போட்டான். பதினாலு வயது. டொச்சுத் தொலைக்காட்சியில் எங்கள் தெரு ஒவ்வொரு இரவும் வந்தது. எங்கள் பேக்கரிக்கு முன்னால் நின்று ஒரு நிருபர் "இது இன்னும் ஜேர்மனியா?" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். அவருக்குப் பின்னால் அம்மோ பால் வாங்கிக்கொண்டு போவது இரண்டு வினாடி தெரிந்தது.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. நான் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. கூட வேலை செய்யும் ஒருவர், நல்ல மனிசன், என் மகளின் கலியாணத்துக்கு வந்தவர், சொன்னார்: "நீங்கள் தமிழாட்கள் அவங்களைப் போல இல்லை. சத்தமில்லாமல் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்பீங்கள்." நான் சிரித்தேன். நன்றி என்றுகூடச் சொல்லியிருப்பேன், நினைவில்லை. 1985 இல் இந்த ஊர்ப் பத்திரிகைகளில் அகதி வெள்ளம் என்று எழுதியபோது படத்தில் நின்றது நாங்கள்தான். அந்த இடம் இப்போது வேறு ஆட்களுக்குக் கிடைத்திருக்கிறது, எனக்கு நல்ல சான்றிதழ். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவுடன் கீழ்வீட்டில் போய் இருந்து மூன்று கோப்பி குடித்தேன். "என்னப்பா, சாப்பிடாமல் அங்கயே இருந்திட்டீங்கள்?" என்று மனைவி கேட்டாள். என்னத்தைச் சொல்ல.

2024 டிசம்பர் 8, ஞாயிறு. சிரியாவை ஆண்ட அசாத் ஓடிவிட்டான் என்று விடிய நாலு மணிக்கு அலெப்போப் பெடியன் படியெல்லாம் தட்டிக்கொண்டு ஓடினான். தெரு முழுக்க கார் ஹோர்ன், கொடி, இனிப்பு. அடுத்த நாளே அகதி விண்ணப்பங்களில் சிரியருக்கான முடிவுகளை நிறுத்தி வைத்தார்கள். ஒரு அரசியல்வாதி ஆளுக்கு 1000 யூரோ கொடுத்து விமானம் ஏற்றலாம் என்றார். பெடியன் தன் சலூன் கண்ணாடியில் "இன்றைக்கு முடி வெட்டு இலவசம்" என்று எழுதி ஒட்டியிருந்த காகிதத்தைக் கழற்றக்கூட இல்லை.

போன மாதம் அம்மோ ஒரு கடிதத்தோடு மேலே வந்தார். கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்ததால் வாசிக்க முடியவில்லை. மயான நிர்வாகத்தின் கடிதம். அவருடைய மனைவி 2006 இல் போனவ. நகரத்தின் மேற்கு ஓரம், காட்டோ மயானத்தில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய பகுதியில் இருக்கிறா. அப்போது பெட்டியில் வைத்துத்தான் புதைக்க வேண்டும் என்று சட்டம். துணியோடு வைக்கலாம் என்று பேர்லினில் 2010 இல்தான் மாற்றினார்கள். "அவளைப் பெட்டிக்குள்ள வைச்சது எனக்கு மனசுக்குள்ள கிடக்கு. நான் துணியோட போவன், அது வசதி" என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

நான் வாசித்தேன். இங்கே புதைகுழிக்கு இருபது வருசம். அது முடிகிறது, நீட்டிக்க விரும்பினால் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.

"நீட்டாட்டி?"

"வேற ஆளுக்குக் குடுப்பாங்கள், அம்மோ."

கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து என் மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். "அப்ப இவளுக்கும் டுல்டுங்தான்!" என்றார். இருமல் வரும்வரை சிரித்தார்.

படிவத்தை எடுத்துப் பேனையைத் திறந்தேன். முதல் கட்டம் விண்ணப்பதாரரின் பெயர்.

"எந்தப் பெயரை எழுத?"

"கடிதத்தில இருக்கிற பெயரை எழுது தம்பி. அவங்கள் தேடின ஆளே பதில் சொல்லட்டும்."

கடித உறையைத் திருப்பிப் பார்த்து எழுதினேன். 1977 இல் அந்த எழுதுவினைஞரின் காதில் விழுந்த பெயர்.